ஆறு லட்சத்துக்கு ஒரு ரசீது

ஆறு லட்ச ரூபாய்க்கான அந்த ரசீதை எழுதியது நான்தான். தேதி, தொகை எண்ணிலும் எழுத்திலும், செக் எண், அடியில் என் கையெழுத்து. 2011 டிசம்பர், மார்கழி பிறந்து சில நாள். மும்பை செம்பூரில் எங்கள் சத்சங்கத்துக்குச் சுவாமி வந்து தங்கியிருந்தார். பணம் கொடுத்தவர் எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருந்த மாமி. அவர் கணவர் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதற்கு முந்தைய வருடம் காலமாகியிருந்தார். பி.எப்., கிராச்சுவிட்டி எல்லாம் சேர்ந்து பிக்சட் டெபாசிட்டில் கிடந்த பணம் அது.

இதில் ஒரு திருட்டுச் சாமியார் வரப்போகிறார் என்று காத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பணம் எங்கும் தொலையவில்லை. சொன்ன இடத்தில், சொன்ன அளவில், வேத பாடசாலையில் ஒரு அறை கட்டப்பட்டது. 2018-ல் நேரில் போய்ப் பார்த்தேன். பையன்கள் அதில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள், சுவரில் பளிங்குக் கல்லில் மாமியின் கணவர் பெயர் இருக்கிறது, எழுத்துப்பிழைகூட இல்லை. யாருமே திருடாத ஒரு காரியத்தில் நான் எப்படி அவ்வளவு பெரிய தவறைச் செய்தேன் என்பதுதான் எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

நான் தேசிய வங்கி ஒன்றில் 36 வருடம் வேலை பார்த்தவள். 1981-ல் சேர்ந்து 2017-ல் ஓய்வு பெற்றேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் தணிக்கைப் பிரிவு. வவுச்சரில் ஒரு சுருக்கொப்பம் குறைந்தாலும் விடமாட்டேன். நான் வருகிறேன் என்று தெரிந்தால் கிளைகளில் அன்றைக்கு யாருக்கும் மதியச் சாப்பாடு இறங்காது என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். அதே ஆள்தான் 2006 முதல் சத்சங்கத்தின் பொருளாளர். வங்கி வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, புடவை மாற்றி, பஜனைக்குப் போய் உட்கார்ந்தால் எனக்குள் இருந்த தணிக்கைக்காரி செருப்போடு சேர்ந்து வாசலிலேயே தங்கிவிடுவாள். அவளை நான் ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை. கூப்பிடாமல் இருப்பதற்குப் பெயர் பக்தி என்று நம்பினேன்.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். மாமி நமஸ்காரம் செய்து எழுந்தார். சுவாமி ஒரு ஆப்பிளை எடுத்து அவர் முந்தானையில் போட்டுவிட்டு, "பாடசாலையில் உன் அகத்துக்காரர் பெயரில் ஒரு அறை எழும்பட்டும்" என்றார். உடனே அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார்.

தொகை எதையும் அவர் சொல்லவில்லை. அறை ஒன்றுக்கு ஆறு லட்சம் என்ற கணக்கு என் நோட்டில் இருந்தது. அதை மாமிக்குச் சொன்னவள் நான். "உத்தரவாகிவிட்டது" என்று முதலில் சொன்னவர் ஒரு கமிட்டி உறுப்பினர். "இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்" என்று கண் கலங்கியவர் இன்னொரு மாமி. சுவாமி இங்கிருந்து கிளம்புவதற்குள் கொடுத்துவிட்டால் அவர் கையால் ரசீது வாங்கலாமே என்று கெடு வைத்தது யார் என்று நினைவில்லை, நானாகவே இருக்கலாம். ராத்திரி பிரசாத உப்புமா பரிமாறி முடிப்பதற்குள் ஒரு முதியவரின் வாழ்த்து, தொகையும் தேதியும் போட்ட டிமாண்ட் நோட்டீஸாக மாறிவிட்டது.

எழுத வரும்போது இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறேன். கேள்வி கேட்க முடியாத ஒருவர் நம் நியாய உணர்வைக் கெடுக்கிறார் என்றால், அவர் ஏதோ தப்பான காரியத்தைச் செய்யச் சொல்லி நாம் செய்கிறோம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எங்கள் இடத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் அரைகுறையாகச் சொன்னதை முழுதாக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர் தப்பாகச் சொல்லியிருக்க முடியாது என்பதால், நாங்கள் புரிந்துகொண்டதும் தப்பாக இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. அந்த ஓட்டையில் எங்கள் ஆசை, எங்கள் போட்டி, அறைக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்ற என் அவசரம் எல்லாம் புகுந்துகொண்டன. எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை: உத்தரவு.

மறுநாள் மாமியை வங்கிக்கு அழைத்துப் போனதும் நான்தான். டெபாசிட்டை முன்கூட்டியே முறிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். ஒரு சதவீதம் அபராதம் பிடிப்பார்களே என்று மாமி தயங்கியபோது, "அதெல்லாம் பெரிய காரியத்தில் ஒரு கணக்கா?" என்றேன். என் மேற்பார்வையில் இருந்த எந்தக் கிளையிலாவது 61 வயது விதவை ஒருவர் இருப்பதையெல்லாம் முறித்து ஒரே இடத்தில் போடுகிறேன் என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? உள்ளே அழைத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மகளுக்குத் தெரியுமா, மாதச் செலவுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள், யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டிருப்பேன். கேட்கத் தவறிய குமாஸ்தாவுக்கு மெமோ கொடுத்திருப்பேன்.

2014-ல் மாமிக்கு நெஞ்சுவலி வந்தது. ரத்தக்குழாயில் அடைப்பு, இரண்டு ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு சாயங்காலம் என் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அந்தப் பணத்தில் கொஞ்சம் கடனாகவாவது திரும்பக் கிடைக்குமா, கேட்டுச் சொல்வாயா?" என்றார்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அபசாரம், மாமி. மனத்தால் நினைப்பதும் அதேதான். அவர் பார்த்துக்கொள்வார்" என்றேன். மாமி தலையாட்டிவிட்டுப் போனார். குழம்பு பொங்கி வழிந்திருந்ததால் அடுப்பைத் துடைத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அந்தத் தூக்கத்தை இப்போது நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. குற்ற உணர்வை அடக்கிக்கொண்டு நான் தூங்கவில்லை. அடக்குவதற்கு எதுவுமே இருக்கவில்லை. மாமியை ஒரு பாவத்திலிருந்து காப்பாற்றிய நிறைவு இருந்தது. மனசாட்சி என்பது எப்படியும் உள்ளே இருந்து குத்தும் என்கிறார்கள். குத்தவில்லை. அது வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது.

மாமியின் மகள் டோம்பிவிலியிலிருந்து வந்தாள். நகையை அடகு வைத்துச் சிகிச்சையை முடித்த பிறகு வந்தாள். கையில் ரசீதின் ஜெராக்ஸ். சத்தம் போடவில்லை. "மாமி, நீங்கள் பேங்கில் இருப்பவர். உங்கள் கவுன்டரில் என் அம்மா வந்து நின்றிருந்தால் பாஸ் பண்ணியிருப்பீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நம்பிக்கை இல்லாத தலைமுறை, அம்மாவின் புண்ணியத்தைக் கெடுக்க வந்தவள் என்றெல்லாம் இரண்டு நாள் வீட்டில் பொருமினேன். என் கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் பன்வேல் பக்கம் ஒரு கிளையில் தணிக்கை. ஒரு கடன் கோப்பில் ஈடு போதவில்லை. ஆனாலும் கடன் கொடுத்திருந்தார்கள். மேலாளரைக் கேட்டால், மேலிடத்திலிருந்து போன் வந்தது என்றார். என்ன சொன்னார்கள் என்றேன். "பார்த்துச் செய்யுங்கள் என்றார்கள்" என்றார். 'வாய்மொழி அறிவுறுத்தல் என்பது அதிகாரியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது' என்பது நான் நூறு முறையாவது எழுதியிருக்கும் வாக்கியம். அன்றும் எழுதினேன். ஹார்பர் லைன் ரயிலில் வாஷி பாலம் தாண்டும்போது அந்த மேலாளரின் முகமும் என் முகமும் ஒன்றாகத் தெரிந்தன. 'பார்த்துச் செய்யுங்கள்', 'அறை எழும்பட்டும்': இரண்டிலும் யாரும் எதையும் செய்யச் சொல்லவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எண்பதுகளில் வங்கி ஊழியர்கள் எழுதும் சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்கு 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படித்திருந்தேன். அதில் 16-ஆவது பிரிவு, ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து, அதைக்கொண்டு நியாயமற்ற லாபம் அடைந்தால் அது தகாத செல்வாக்கு என்கிறது. அப்படிச் செய்த ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யலாம். அதற்கு உதாரணமாக மனப்பாடம் செய்த வழக்கு, 1890-ஆம் வருடத்து அலகாபாத் தீர்ப்பு: மன்னு சிங் எதிர் உமாதத் பாண்டே. மறுமையில் ஆத்மாவுக்கு நன்மை வேண்டும் என்று ஒரு முதியவர் கிட்டத்தட்டத் தன் சொத்து முழுவதையும் தன் குருவுக்கு எழுதி வைத்தார். குருவும் சீடரும் என்ற உறவே ஒருவர் மனத்தை மற்றவர் ஆளும் உறவு என்று எடுத்துக்கொண்டு, அந்தத் தானம் செல்லாது என்றார்கள். தேர்வில் இந்தக் கேள்விக்கு நல்ல மார்க் வாங்கியவள் நான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், மாமிக்கு ஒரு பகுதியாவது திரும்பக் கொடுக்கும்படி பாடசாலையை நடத்தும் டிரஸ்டுக்கு எழுதலாம் என்றேன். பதினோரு பேர் இருந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒருவர் "இது குரு நிந்தையில் கொண்டுவிடும்" என்றார். இன்னொருவர் கரிசனத்தோடு, எனக்குச் சனி நடக்கிறதா என்று விசாரித்தார். (நடந்துகொண்டுதான் இருந்தது. அதனால் என்ன?) அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த, ரயில்வேயில் ஓய்வு பெற்ற மாமா தொண்டையைக் கனைத்தார். "நானும் ஆறு வருடமாக ஒன்று கேட்க நினைத்திருக்கிறேன். போன கட்டட நிதியின் ஆடிட் அறிக்கை எங்கே?" என்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் வாய் திறந்தார்கள். பதினோரு பேரில் நான்கு பேர் வருடக்கணக்காக ஒரே மாதிரிச் சந்தேகத்தோடு ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தனக்குத்தான் பக்தி குறைவு என்று நினைத்து மற்றவர்களைப் பார்த்து உரக்கப் பாடியிருக்கிறோம்.

திரும்பி நடக்கும்போது அந்த மாமா ஒரு பழைய வழக்கைச் சொன்னார். இதே ஊரில், 1862-ல், இன்றைய உயர் நீதிமன்றம் அமைவதற்குச் சில மாதங்கள் முன்பு பம்பாய் உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. கர்சன்தாஸ் மூல்ஜி என்ற பத்திரிகைக்காரர், கிருஷ்ணனை வழிபடும் வல்லப சம்பிரதாயத்தில் மகாராஜ் எனப்பட்ட குருமார்கள் பக்தர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடக்கிறார்கள் என்று தன் குஜராத்தி வார இதழில் எழுதினார். ஜதுநாத்ஜி மகாராஜ் 50,000 ரூபாய் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். உடல், மனம், பொருள் மூன்றையும் குருவுக்கு அர்ப்பணம் செய்வது என்ற கொள்கையின் பெயரால் அதெல்லாம் நடந்துவந்தது என்பது கர்சன்தாஸ் தரப்பு வாதம். நாமும்தான் 'உடல் பொருள் ஆவி' என்று ஒரு வரி வைத்திருக்கிறோம். மகாராஜுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பாவ் தாஜி கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். கர்சன்தாஸ் ஜெயித்தார். ஒழுக்கப்படி தவறான ஒன்று சமயப்படி சரியாக இருக்க முடியாது என்பதுதான் இங்கே நிற்கும் வாதம் என்று நீதிபதி ஜோசப் அர்னால்ட் தீர்ப்பில் எழுதினார்.

எனக்கு அந்த மகாராஜைவிட, அவரைச் சுற்றியிருந்த பாட்டியா வணிகர்கள்தான் மனத்தில் நின்றார்கள். பம்பாயின் வியாபாரத்தில் கொழித்த சமூகம். கையில் எடுத்துப் பார்க்காமல் சரக்கு வாங்க மாட்டார்கள். அவர்களுடைய பெரியவர்கள் கூட்டம் போட்டு, நீதிமன்றத்தில் குருவுக்கு எதிராக யாரும் சாட்சி சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். அதற்காகத் தனி வழக்கில் தண்டனையும் பெற்றார்கள். கெட்டவர்களாக இருந்து அதைச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னைப் போல அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார்கள்.

டிரஸ்ட் எங்கள் முதல் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. மூன்றாவது கடிதத்தோடு மருத்துவமனை பில்லையும் வைத்த பிறகு, இரண்டு செக்குகளாக மூன்று லட்சம் வந்தது. திருப்பிக் கொடுப்பதாக அல்ல, 'மருத்துவ உதவி' என்ற தலைப்பில். மாமி சுவாமியின் கருணையை வியந்து நான்கு பக்கம் நன்றிக் கடிதம் எழுதினார். அதைத் தபாலில் சேர்த்ததும் நான்தான். எதையும் விளக்கவில்லை.

சத்சங்கத்தை விட்டு நான் விலகவில்லை. விலகாமல் எப்படி என்று மகளும் மருமகளும் கேட்கிறார்கள். பஜனை எனக்கு வேண்டும், சாமியும் வேண்டும். ஆனால் தணிக்கைக்காரியை இப்போது உள்ளே அழைத்து, எனக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்கிறேன். அவளும் நானும் சேர்ந்து பழகிக்கொண்ட சில காரியங்கள் இருக்கின்றன.

பெரியவர் எதைச் சொன்னாலும் அவர் சொன்ன அதே சொற்களில் எழுதி வைப்பது அதில் முதலாவது. 'உத்தரவு' என்று யாராவது ஆரம்பித்தால், "அவர் வாயால் என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். பாதி உத்தரவுகள் அங்கேயே கரைந்துவிடுகின்றன.

அடுத்தது, சொன்னவரை மாற்றிப் பார்ப்பது. இதற்குப் பின்னால் ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. மனோதத்துவம் படித்த என் மகள் படித்துக் காட்டினாள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தினர் 2011-ல் வெளியிட்டது. தீவிர நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர்களை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து ஜெபங்களைக் கேட்கச் செய்தார்கள். பேசுபவர் சிலர் கிறிஸ்தவர் அல்லாதவர், சிலர் சாதாரணக் கிறிஸ்தவர், சிலர் குணமாக்கும் வரம் பெற்றவர் என்று சொல்லிவைத்தார்கள். உண்மையில் எல்லாருமே சாதாரணக் கிறிஸ்தவர்கள். வரம் பெற்றவர் பேசுகிறார் என்று நம்பிக் கேட்டபோது, சீர்தூக்கிப் பார்க்கும் வேலையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. மிகச் சில பேரை வைத்துச் செய்த சோதனைதான். அதன்மேல் கோட்டை கட்ட வேண்டாம். எனக்கு அது ஒரு பழக்கத்தைக் கொடுத்தது. சுவாமி சொன்ன வாக்கியத்தை எங்கள் கட்டட வாட்ச்மேன் சொன்னதாக நினைத்துக்கொள்கிறேன். அப்போதும் சரியென்று பட்டால் செய்கிறேன்.

வாயை அடைக்கும் சொற்களுக்கு ஒரு பட்டியல் மனத்தில் வைத்திருக்கிறேன்: அபசாரம், நிந்தை, சோதனை, லீலை, பிராப்தம். சயான் கோலிவாடாவில் இருந்த என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவத் தோழி, தங்கள் சபையில் போதகரைப் பற்றிப் பேச்செடுத்தால் 'அபிஷேகம் பெற்றவர்' என்ற ஒரு சொல் போதும் என்பாள். சொல்தான் வேறு. இவை நல்ல சொற்கள். தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது ஆறுதல் தருபவை. உதவி கேட்டு வந்தவரிடம் சொல்லும்போது தாழ்ப்பாள் ஆகிவிடுகின்றன. நான் மாமியின் முகத்தில் போட்ட தாழ்ப்பாளும் அதில் ஒன்று.

சுவாமி பிரவசனத்தில் அடிக்கடி சொல்லும் ராமானுஜர் கதையை இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன். மந்திரப் பொருளுக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். அந்தப் பொறுமையைச் சொல்லும்போது ஹாலே உருகும். கதை அங்கே முடியவில்லை. யாருக்கும் சொல்லாதே என்று குருவான திருக்கோஷ்டியூர் நம்பி சத்தியம் வாங்கியதைக் கோயிலின் உயரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னார். எல்லாருக்கும் நன்மை கிடைக்குமானால் தான் நரகம் போனாலும் சரி என்றார். முதல் பாதிக்குத் தலையாட்டிய நாங்கள் இரண்டாம் பாதியைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. குருவின் சொல்லை மீறுவதும் நம் மரபுக்குள்ளேயே, அதுவும் ஆச்சாரியர் ஒருவரின் பெருமையாகவே இருக்கிறது.

பண விஷயம் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். டிரஸ்டின் பதிவு எண், கடைசி ஆடிட் அறிக்கை இரண்டையும் கேளுங்கள். மகாராஷ்டிரத்தில் பதிவான பொது டிரஸ்டுகள் வருடாவருடம் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். அவற்றை மேற்பார்க்க அறநிலைய ஆணையர் இருக்கிறார். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச்சலுகையும் கிடையாது. செக்காகக் கொடுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்றால் அந்தச் சுளிப்பையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் போனால் வரும், வராமலும் போகும். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் பொறுத்துப் பார்ப்பதற்கு இடமே இல்லை. பாடசாலையோ மடமோ சபையோ மதரஸாவோ, ஒரு குழந்தையின்மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் வருட போக்சோ சட்டம் எல்லார்மேலும் வைத்திருக்கும் கடமை. பெரியவரிடம் சொல்லியாயிற்று, கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்பது அதற்கு ஈடாகாது. 1098 குழந்தைகள் உதவி எண். எங்கள் ஹாலில் சுவாமி படத்துக்கு அடுத்து அதைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டுவதற்கு எட்டு மாதம் வாதாட வேண்டியிருந்தது.

கமிட்டியில் நான் போராடி நிறைவேற்றிய தீர்மானம் இன்னொன்று உண்டு. 25,000 ரூபாய்க்கு மேல் காணிக்கை தருகிறவர்கள் பெயரை எழுதிவிட்டு முப்பது நாள் கழித்துத்தான் செக் தர வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நல்ல எண்ணம் என்றால் முப்பது நாளில் ஊசிப்போகாது என்று வாதாடினேன். இதனால் வசூல் குறைந்தது உண்மை.

போன மார்கழியில் மாமி வந்தார். 50,000 ரூபாய், கோசாலைக்கு. "உத்தரவா, மாமி?" என்றேன். "ஆமாம்" என்றார். "என்ன சொன்னார்?" "பசுவுக்குச் செய்தால் நல்லது என்றார்." பெயரை எழுதிக்கொண்டு, முப்பது நாள் கழித்து வாருங்கள் என்றேன். மாமிக்கு ஆத்திரம். ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு என்னை நிற்க வைத்துக் கேட்டார்: "அன்றைக்கு ஓடி ஓடிப் படிவம் நிரப்பினாயே, இன்றைக்கு மட்டும் சட்டம் பேசுகிறாய்?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பஜனையில் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார்.

முப்பதாவது நாள் நானே போன் செய்தேன்.

"வாஷிங் மிஷின் வாங்கிவிட்டேன்" என்றார் மாமி. "மீதியில் கோசாலைக்கு ஐயாயிரம் நானே நேராக அனுப்பிவிட்டேன். போனை வை, மிஷின் ஓடுகிறது."